கென்டக்கி நாட்குறிப்பு: குதிரைகளும் குதிரைக்காரர்களும்

புதன், லூயிவில்

சர்ச்சில் டவுன்ஸ் பந்தயத் திடலின் வாசலில், டிக்கெட் வாங்கும் இடத்துக்கு வெளியிலேயே ஒரு வெண்கலக் குதிரை. பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும்பிய கணத்தை அப்படியே வார்த்திருக்கிறார்கள். பெயர் பார்பரோ. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இந்தத் திடலில் நடக்கும் பேர்போன பந்தயம் கென்டக்கி டெர்பி; 2006 டெர்பியில் இரண்டாவதாக வந்த குதிரையை ஆறரை குதிரை நீளம் பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தது. இரண்டே வாரத்தில், அடுத்த பெரிய பந்தயமான பிரீக்னஸில், பின்னங்கால் நொறுங்கியது. எட்டு மாதம் வைத்தியம் பார்த்தும் முடியாமல் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். சாம்பல் இந்தச் சிலைக்கு அடியில்தான் இருக்கிறது.

காரை நிறுத்திவிட்டு வந்த மாப்பிள்ளை (தங்கையின் கணவர், சின்சினாட்டியிலிருந்து என்னை ஓட்டிக்கொண்டு வந்தவர்) அதைப் படித்துவிட்டு, "குதிரைக்குச் சமாதியா மச்சான்?" என்று கேட்டார். இந்த வாரம் முழுக்க நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் சமாதிகளைத்தான் என்று சொல்லி வைத்தேன்.

டெர்பி மியூசியம் திடலை ஒட்டியே இருக்கிறது. சுற்றிலும் 360 டிகிரி திரையில் பந்தய நாளைக் காட்டும் படம், வெற்றிக் கோப்பைகள், பந்தயக்காரச் சீமாட்டிகளின் தொப்பிகள். தொப்பிகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. அப்புறம் வழிகாட்டி நம்மைத் திடலுக்கே கூட்டிப்போகிறார். 1895-ல் கட்டிய இரட்டைக் கூம்புகளை அண்ணாந்து பார்க்கலாம். அதை வரைந்த ஜோசப் பால்டெஸுக்கு அப்போது வயது 24.

நான் அதிக நேரம் நின்றது கறுப்பின ஜாக்கிகளுக்கான பகுதியில். 1875 மே 17-ல் நடந்த முதல் டெர்பியில் 15 ஜாக்கிகள். அவர்களில் 13 பேர் கறுப்பினத்தவர். ஜெயித்த அரிஸ்டைடீஸ் என்ற குதிரையின் மேல் இருந்தவர் ஆலிவர் லூயிஸ். அதற்குப் பயிற்சி கொடுத்தவர் ஆன்செல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்து பல எஜமானர்களிடம் கைமாறியவர். முதல் 28 டெர்பிகளில் 15 வெற்றிகள் கறுப்பின ஜாக்கிகளுடையவை. அப்படியென்றால் பிறகு எங்கே போனார்கள்? இனப்பிரிவினைச் சட்டங்கள் இறுகிய காலத்தில் வெள்ளை ஜாக்கிகள் சேர்ந்துகொண்டு ஓட்டத்தின் நடுவிலேயே அவர்களை உள்வேலியோடு நெருக்கினார்கள். சாட்டை குதிரை மேல் படாமல் ஆளின் மேல் விழுந்தது. வீண் வம்பு எதற்கு என்று உரிமையாளர்கள் கறுப்பின ஜாக்கிகளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 1921-க்குப் பிறகு 2000 வரை ஒரு கறுப்பின ஜாக்கிகூட டெர்பியில் ஓட்டவில்லை.

ஜிம்மி விங்க்ஃபீல்டின் கதை இதில் தனி. 1901, 1902 இரண்டு ஆண்டும் டெர்பியை ஜெயித்தார். இங்கே வேலை குறைந்ததும் ரஷ்யாவுக்குப் போய் ஜார் காலத்துப் பந்தயங்களில் கொடிகட்டிப் பறந்தார். புரட்சி வெடித்தபோது ஒடேசாவிலிருந்து நல்ல ஜாதிக் குதிரைகளைத் தரைவழியாகவே ஓட்டிக்கொண்டு போலந்து போய்ச் சேர்ந்த கூட்டத்தில் அவரும் இருந்தார். பிறகு பிரான்ஸ். 1961-ல் டெர்பி விருந்து ஒன்றுக்கு அழைப்பின் பேரில் லூயிவில் வந்தவரை, விருந்து நடந்த ஓட்டலின் முன்வாசலில் உள்ளே விட மறுத்தார்கள். டெர்பியை இரண்டு முறை ஜெயித்த மனிதர், வயது எண்பதை நெருங்கியவர். அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் தொப்பிகள் பக்கம் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

வியாழன், கீன்லேண்ட்

லெக்சிங்டனுக்கு வெளியே வண்டி நுழைந்ததுமே கல்வேலிகள் ஆரம்பித்துவிடுகின்றன. சுண்ணாம்புக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகள். அந்தக் கல்தான் இந்த ஊரின் முதல் சொத்து. பூமிக்கு அடியில் பாஸ்பேட் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் ஓடும் தண்ணீரிலும் முளைக்கும் புல்லிலும் கால்சியம் ஏறுகிறது. அதை மேய்கிற குட்டிக்கு எலும்பு உறுதியாகிறது. குதிரைப் பண்ணைகள் வேறெங்கும் போகாமல் இங்கே குவிந்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

கீன்லேண்ட் 1936 அக்டோபரில் திறந்த திடல். காலைப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் வேலியோரம் நின்று பார்க்கலாம், காசு கிடையாது. இருட்டு பிரியும்முன் போய்விட்டோம். குதிரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூச்சுதான் கேட்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு, தாளம் தப்பாமல். அப்புறம் குளம்புச் சத்தம், அப்புறம் ஒரு கறுப்பு உருவம், அவ்வளவுதான், தாண்டிப் போய்விடும்.

பயிற்சி முடிந்து வந்த ஒரு பெட்டைக் குதிரையை ஒருவர் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பஞ்சை வெந்நீரில் முக்கிக் கழுத்தில் பிழிந்தார். முதுகிலிருந்து ஆவி எழுந்தது. தோலில் நின்ற தண்ணீரை வளைந்த தகட்டால் ஒரே இழுப்பில் வழித்தார். பிறகு கீழே குந்தி முன்னங்கால் இரண்டையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். எங்கே சூடு இருக்கிறது என்று பார்க்கிறார். தசைநாணில் வீக்கம் வருமுன் அங்கே சூடு தட்டும். அதைக் கண்டுபிடிப்பது அந்தக் கைதான். குதிரையோடு அவர் ஸ்பானிஷில் பேசினார். இன்றைக்கு இங்கே லாயங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பங்கு மெக்ஸிகோ, குவாத்தமாலா பக்கத்திலிருந்து வந்தவர்கள். நம் கிண்டியில் சைஸ் என்று சொல்கிறோமே, அதே வேலை.

பயிற்சியாளர்களும் லாயக்காரர்களும் சாப்பிடும் கேன்டீனில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. பிஸ்கட்டின் (இங்கே அது மெத்தென்ற ரொட்டி) மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மாப்பிள்ளை இரண்டாவது தட்டு வாங்கினார்.

திடலுக்குள்ளேயே ஒரு நூலகம். இதுவும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அமெரிக்கப் பந்தய உலகின் தினசரியான டெய்லி ரேசிங் ஃபார்மின் பழைய தொகுப்புகள் இங்கேதான் இருக்கின்றன; கூடவே பெருந்தொகையாகப் புகைப்பட நெகட்டிவ்கள். பழைய படங்களைப் பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். குதிரையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், உரிமையாளர், ஜாக்கி எல்லாம் கீழே எழுதியிருக்கிறது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரின் பெயர் பல படங்களில் இல்லை. இந்த நூலகத்தார் அந்தப் பெயர்களைத் தேடிச் சேர்ப்பதிலும், கறுப்பினக் குதிரைக்காரர்களைப் பற்றிக் கண்காட்சி நடத்துவதிலும் இறங்கியிருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

வெள்ளி, ஹார்ஸ் பார்க்

குதிரைகளுக்கென்றே 1978-ல் திறந்த பூங்கா, சுமார் 1,200 ஏக்கர். ஒரு நாள் போதாது. நான் பார்க்க நினைத்தது எலும்புக்கூடு ஒன்று, கல்லறை இரண்டு, சிலை ஒன்று.

எலும்புக்கூடு லெக்சிங்டன் என்ற குதிரையுடையது. 1850-ல் பிறந்து, ஏழு பந்தயங்களில் ஓடி ஆறில் ஜெயித்து, பார்வை போய், பொலிகுதிரையாக நின்று, 16 ஆண்டுகள் அமெரிக்காவின் முதன்மைத் தகப்பனாக இருந்தது. உள்நாட்டுப் போரில் குதிரைத் திருடர்களுக்குப் பயந்து கண் தெரியாத அந்தக் கிழக் குதிரையை இல்லினாய்ஸுக்கு ஓட்டிப்போய்க் காப்பாற்றினார்கள். அதே போரில் ஜெனரல் கிரான்ட் ஏறிய குதிரை லெக்சிங்டனின் மகன், பெயர் சின்சினாட்டி. மாப்பிள்ளைக்கு இதில் தனி சந்தோஷம். நேற்று முன்தினம் பார்த்த முதல் டெர்பி வெற்றியாளர் அரிஸ்டைடீஸ், லெக்சிங்டனின் மகள் வயிற்றுப் பேரன். எலும்புகள் 1878-லிருந்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வசம் இருந்தன. 2010-ல்தான் பிறந்த மண்ணுக்குத் திரும்பின.

இந்தக் குதிரைக்கு முதலில் பயிற்சி கொடுத்தவர் ஹாரி லூயிஸ் என்ற கறுப்பினத்தவர். அவர் பெயரில் குதிரையை ஓட்ட முடியாது என்பதால் வளர்த்தவரான டாக்டர் வார்ஃபீல்டின் பெயரிலேயே ஓடியது. மண்டை ஓட்டில் கண்குழிக்குக் கீழே எலும்பு எப்படி உருமாறியிருக்கிறது என்று காட்ட ஒரு ஆள் இருந்தார். நான் ஹாரி லூயிஸைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்து கால் மணி நேரம் பேசினார்.

வெளியே வந்தால் மேன் ஓ' வார். ஹெர்பர்ட் ஹேசல்டைன் செய்த வெண்கலச் சிலை, உயிருள்ள குதிரையைவிடப் பெரியது. 1917-ல் பிறந்து, 5,000 டாலருக்கு ஏலம் போய், 21 பந்தயங்களில் 20-ஐ ஜெயித்த குதிரை. 1947 நவம்பர் 1-ல் இறந்தபோது உடலைப் பதப்படுத்தி, உரிமையாளரின் பந்தய நிறத் துணி விரித்த பெரிய பெட்டியில் வைத்து, மக்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். இறுதிச் சடங்கு வானொலியில் ஒலிபரப்பானது. கல்லறை முதலில் ஃபாரவே பண்ணையில் இருந்தது; 1970களில் இங்கே மாற்றினார்கள். சுற்றிலும் அதன் பிள்ளைகள். 1937-ல் மும்முடி (டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்று பந்தயங்களும்) வென்ற வார் அட்மிரலும் இங்கேதான்.

மேன் ஓ' வாரைக் கடைசி வருடங்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டவர் வில் ஹார்பட். வருகிறவர்களுக்கெல்லாம் குதிரையின் கதையை மூச்சுவிடாமல் சொல்லுவாராம். சும்மா அவர் பேச்சைக் கேட்கவே லட்சக்கணக்கில் ஜனம் வந்தது. குதிரை இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபரில், ஹார்பட் போய்ச் சேர்ந்தார். அவரை இழந்து வாடுவோர் பட்டியலில் மனைவி, மக்களோடு மேன் ஓ' வாரின் பெயரையும் போட்டது இரங்கல் செய்தி.

சிலையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஐசக் மர்ஃபி. 1884, 1890, 1891 ஆகிய மூன்று டெர்பிகளை ஜெயித்த ஜாக்கி. அமெரிக்காவின் பந்தயக் கௌரவ மன்றத்தில் 1955-ல் சேர்க்கப்பட்ட முதல் ஜாக்கி. 1896-ல் 35 வயதில் இறந்து லெக்சிங்டனில் கறுப்பினத்தவர் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். காலப்போக்கில் புதர் மூடி, அவர் எங்கே கிடக்கிறார் என்பதே ஊருக்குத் தெரியாமல் போயிற்று. 1960களில் ஃபிராங்க் போரிஸ் என்பவர் பழைய ஆட்களை விசாரித்து, ஆண்டுக்கணக்கில் தேடித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். 1967-ல் எலும்புகளை எடுத்துவந்து மேன் ஓ' வார் பக்கத்தில் வைத்தார்கள். குதிரை இடம் மாறியபோது இவரும் மாறினார்.

மர்ஃபி இறந்து 21 வருடம் கழித்துப் பிறந்தது மேன் ஓ' வார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. குதிரையின் சாவை வானொலியில் நாடே கேட்டது. இந்த மனிதரின் சமாதி தொலைந்தது. அவரை மீட்டு, மரியாதை செய்ததாக நினைத்து, ஒரு குதிரையின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். செய்தவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நெஞ்சில் ஏதோ நெருடுகிறது.

திரும்பும் வழியில் அந்தச் சிலை: செக்ரடேரியட் என்ற குதிரை, மேலே ஜாக்கி ரான் டர்காட், கடிவாளத்தைப் பிடித்தபடி எடி ஸ்வெட். ஸ்வெட் லாயக்காரர்; தெற்கு கரோலினாவில் குத்தகை விவசாயியின் மகன். நூலகத்துப் படங்களில் பெயரில்லாமல் நிற்கிறவரின் இடம் அது. இங்கே அவர் உருவம் வெண்கலத்தில், பெயரோடு. சிலை செய்த ஜிம் ரீனோவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

சனி, பாரிஸ்

பிரான்ஸின் பாரிஸ் இல்லை, கென்டக்கியின் பாரிஸ். லெக்சிங்டனிலிருந்து அரை மணி நேரம். கிளேபோர்ன் பண்ணை 1910-லிருந்து ஹான்காக் குடும்பத்தினுடையது. முன்பதிவு செய்தவர்களை மட்டும் சிறு குழுக்களாக அழைத்துப் போகிறார்கள். இது மியூசியம் இல்லை, தொழில் நடக்கிற இடம். பிப்ரவரி நடுவிலிருந்து கோடை வரை பொலி காலம். தரோபிரெட் என்ற பந்தய ஜாதிக் குதிரைக்கு இன்றுவரை செயற்கைக் கருவூட்டல் கூடாது. இயற்கையாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் வம்சப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதனால்தான் பெட்டைக் குதிரைகள் இங்கே வண்டியேறி வருகின்றன.

1972-ல் தகப்பனார் புல் ஹான்காக் திடீரென்று இறந்தபோது சேத் ஹான்காக்குக்கு வயது 23. சில மாதங்களில், செக்ரடேரியட் மூன்று வயதுப் பந்தயம் ஒன்றுகூட ஓடாத நிலையில், அதைத் தலா 1,90,000 டாலர் வீதம் 32 பங்குகளாக விற்றுக் காட்டினார். மொத்தம் 60.8 லட்சம் டாலர், அன்றைய உலக சாதனை. உரிமையாளர் பென்னி செனரியின் தகப்பனார் இறந்து வாரிசு வரி கழுத்தை நெரித்த நேரம் அது. பணம் போட்டவர்கள் 1973 ஜூன் 9 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அன்றுதான் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில், 2 நிமிடம் 24 விநாடியில் ஜெயித்தது. ஒன்றரை மைல் மண் தடத்தில் அந்த நேரத்தை இன்னும் யாரும் தொடவில்லை.

செக்ரடேரியட் நின்ற லாய அறையைக் காட்டினார்கள். அதற்கு முன் அதன் தகப்பன் போல்ட் ரூலர் நின்ற அறை அதுவே. கதவில் பித்தளைப் பெயர்த் தகடுகள். 1973 நவம்பரில் எடி ஸ்வெட் இந்தக் குதிரையைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போனது இந்தப் பண்ணையில்தான். தினம் தினம் தடவிய கால்களை விட்டுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறியிருப்பார். நான் கதவைத் தொட்டுப் பார்த்தேன். மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

அலுவலகத்துக்குப் பின்னால் கல்லறைகள். பந்தயக் குதிரை செத்தால் வழக்கமாகத் தலை, இதயம், குளம்புகள் மட்டும் புதைப்பார்கள். முழு உடலையும் புதைப்பது பெரிய மரியாதை. 1989 அக்டோபர் 4-ல் குளம்பு நோயால் இறந்த செக்ரடேரியட்டுக்கு அந்த மரியாதை கிடைத்தது. கல்லில் பெயரும் இரண்டு வருடங்களும் மட்டும். யாரோ வைத்த பூக்கள் வாடாமல் இருந்தன.

அதே வளாகத்தில் மிஸ்டர் பிராஸ்பெக்டர். நம் ஊர் பந்தயப் புத்தகம் புரட்டியவர்களுக்கு இந்த வம்சம் அந்நியமில்லை. இதன் மகன் பிளேசர்வில் புனேயில் பூனாவாலா பண்ணைக்கு வந்து பேர்போன தகப்பனாக நின்றது. அதன் ரத்தம் இந்தியத் திடல்களில் ஓடியது. அங்கே நிற்கும்போது கிண்டி நினைவு வந்தது. 1777-லிருந்து பந்தயம் கண்ட திடல். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. நிலம் மக்களுக்குப் பயன்படட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பழைய பதிவேடுகளும் படங்களும், தலைமுறை தலைமுறையாகக் குதிரை பார்த்த சைஸ்களின் பெயர்களும் கலைந்து போகுமுன் யாராவது சேர்த்து வைக்க வேண்டும். இங்கே நூறு வருடம் தாமதமாக ஆரம்பித்த வேலை அது. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

ஞாயிறு, ஜார்ஜ்டவுன், பிறகு ஏழாம் தெரு

ஓல்ட் ஃபிரெண்ட்ஸ் பண்ணை ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கானது. பாஸ்டன் குளோபில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த மைக்கேல் பிளோவன் 2003-ல் ஆரம்பித்தார். அதே வருடம்தான் ஃபெர்டினாண்டின் முடிவு வெளியே தெரிந்தது. 1986 டெர்பியை 54 வயது பில் ஷூமேக்கரைச் சுமந்து ஜெயித்த குதிரை. பொலிக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே எதிர்பார்த்தபடி ஆகவில்லை. 2002-ல் கசாப்புக்குப் போய்விட்டது. கேள்விப்பட்டவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பில் வந்த உதவியும் இந்தப் பண்ணை நிலைக்க ஒரு காரணம்.

சில்வர் சார்மைப் பார்த்தேன். 1997 டெர்பியும் பிரீக்னஸும் ஜெயித்தது, ஜப்பானில் இருந்து 2014-ல் திரும்பி வந்தது. நான் பார்த்தபோது வயது 30. சாம்பல் நிறம் வெளுத்து முழு வெள்ளையாகிவிட்டது. கண்ணுக்கு மேலே குழி. முதுகு சற்றுத் தொய்ந்திருக்கிறது. வழிகாட்டி கொடுத்த கேரட்டை நீட்டினேன். பல் தேய்ந்த வாய் என்பதால் உதட்டால் உருட்டி, நிதானமாக மென்றது. பாதி மென்று கீழே போட்டதை மாப்பிள்ளை எடுத்து மறுபடி கொடுத்தார். வேலிக்கு வெளியே ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்லில் பெயர் பொறிப்பதற்கு முன் செய்ய வேண்டியதை இங்கே செய்கிறார்கள்.

மத்தியானம் லெக்சிங்டன் திரும்பி, கிழக்கு ஏழாம் தெருவில் இருக்கும் ஆப்பிரிக்கன் கல்லறைத் தோட்டம் எண் 2-க்குப் போனோம். எட்டு ஏக்கர் புல்வெளி. கற்கள் சில, காலி இடங்கள் பல. காலியாகத் தெரிகிற இடமெல்லாம் காலி இல்லை. ஜாக்கிகள், பயிற்சியாளர்கள், லாயக்காரர்கள் ஏராளமானோர் இங்கே இருக்கிறார்கள். முதல் டெர்பியை ஜெயித்த ஆலிவர் லூயிஸ் இங்கேதான். நகரத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் அதில்தான் வந்தோம்.

ஐசக் மர்ஃபியின் மனைவி லூசியும் இங்கேதான் இருக்கிறார். கணவரை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் அவரை விட்டுவிட்டார்கள்.

மர்ஃபி வீடு இருந்த இடம் பக்கத்தில்தான். இப்போது அவர் பெயரில் ஒரு பூங்கா. அங்கிருந்து கிளம்பும் நடைபாதை சுமார் 12 மைல் போய் ஹார்ஸ் பார்க்கில் முடிகிறது. ஹார்ஸ் பார்க்குக்கு வருடம் முழுக்க ஜனம் வருகிறது, அங்கே இருந்தால்தான் மர்ஃபியின் பெயர் நாலு பேருக்குத் தெரியும் என்றார் மாப்பிள்ளை. எனக்கு ஒப்பவில்லை. சிலை அங்கேயே இருக்கட்டும், பலகையும் இருக்கட்டும். மனிதரை லூசியிடம் கொண்டுவந்து சேர்க்கலாம். அவரைத் தேடி வருகிறவர்கள் இந்தத் தோட்டத்துக்கே வரட்டும். வந்தால் ஆலிவர் லூயிஸையும் பார்ப்பார்கள், பெயர் தெரியாத மற்றவர்களையும் பார்ப்பார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. லெக்சிங்டன் போகிறவர்கள் கிளேபோர்னுக்கு முன்பதிவு செய்யும்போதே இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.